அறுபது சதுர அடிக்கு 110 பார்

மரத் தளம் கழுவ இயந்திரம் வாங்குவது என்று முடிவு செய்துவிட்டீர்கள். காரணத்தைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பெசன்ட் நகரில் கடல் பார்த்த பால்கனி, மயிலாப்பூரில் பழைய வீட்டை இடித்துக் கட்டிய பிளாட்டின் மொட்டை மாடி, தி. நகரில் எதிர் வீட்டுச் சமையலறையைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத சிட்அவுட், எங்கே பார்த்தாலும் இன்டீரியர் டிசைனர் ஒருவர் வந்து பலகை பரப்பிவிட்டுப் போயிருக்கிறார். அதற்கு டெக் என்று பெயர். முதல் மாதம் அதில் நாற்காலி போட்டு ஃபில்டர் காபி குடித்து, படம் எடுத்து, அமெரிக்காவில் இருக்கும் மச்சினருக்கு அனுப்பினீர்கள். இரண்டு ஐப்பசி போனதும் பலகை சாம்பல் நிறமாகிவிட்டது, இடுக்கில் பாசி, வெறுங்காலில் நடந்தால் சிராய். டிசைனர் இப்போது போனை எடுப்பதில்லை. ஆகவே இயந்திரம்.

கடைக்குப் போகுமுன் ஒரு சின்னச் சோதனை: கீழே இருப்பது மரம்தானா? சிரிக்க வேண்டாம். சென்னையில் டெக் என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு, மர வரி அச்சடித்த டைல். இன்னொரு பங்கு, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் சேர்த்து உருக்கிப் பிழிந்த டபிள்யூபிசி. பலகையின் வெட்டு முனையைக் குனிந்து பாருங்கள். உள்ளே வரிசையாகச் சதுர ஓட்டைகள் தெரிந்தால் அது டபிள்யூபிசி. எந்த மரமும் வயிற்றில் ஜன்னல் வைத்துக்கொண்டு வளர்வதில்லை. ஒரு பலகையில் இருக்கும் அழகான முடிச்சு, நாலு பலகை தள்ளி அதே இடத்தில் அதே அழகோடு இருந்தால் அது டைல். டைலுக்கு மாப் போதும். டபிள்யூபிசிக்குச் சோப்புத் தண்ணீர் போதும். அதை இழைத்தால் மேல்தோல் போய்விடும், எண்ணெய் பூசினால் குடிக்காது, வழுக்கும். இந்த இரு வகையினரும் இத்துடன் எழுந்துகொள்ளலாம். எழமாட்டீர்கள். இயந்திர ஆசை வந்தவரை மரம் இல்லை என்ற ஒரு காரணம் தடுத்ததில்லை.

மரமேதான் என்றால் அடுத்த கேள்வி, எந்த இயந்திரம். தண்ணீரைப் பீய்ச்சுவது, ப்ரஷ்ஷைச் சுழற்றுவது, உப்புத்தாளைத் தேய்ப்பது என மூன்று வகை உண்டு. ஆண்கள் முதலாவதில் விழுவார்கள். காரணம் அதில் துப்பாக்கி போன்ற கைப்பிடி இருக்கிறது.

வீட்டுக்கான கையடக்க பிரஷர் வாஷரை ஜெர்மனியின் கார்ச்சர் நிறுவனம் 1984ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதை வடிவமைத்தவர்கள் கண்முன் ஒரு வீடு இருந்திருக்கும்: பின்னால் தோட்டம், கல் பாவிய முற்றம், வெளிச்சுவரில் ஒரு குழாய், திறந்தால் எந்நேரமும் வேகமாகத் தண்ணீர். உங்கள் பால்கனி அறுபது சதுர அடி. அதில் துளசித் தொட்டி, ஏசியின் வெளிப்பெட்டி, பையன் நாலாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிள், கொடிக் கம்பி ஆகியவற்றைக் கழித்தால் வெளியே தெரியும் மரம் முப்பது. முப்பது சதுர அடிக்கு ஜெர்மன் தோட்டத்தின் பலம் தேவைதானா என்று கேட்டால் கடைக்காரர் வருத்தப்படுவார்.

அவர் பேசுவது பார் கணக்கில். சாதாரண வீட்டு வாஷர் 110 பார். ஒரு பார் ஏறக்குறைய 14.5 பிஎஸ்ஐ, ஆக சுமார் 1,600 பிஎஸ்ஐ. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பது உச்ச அழுத்தம், வேலை நேரத்தில் அதைவிடக் குறைவாகத்தான் வரும். அப்படிக் குறைவாக வருவது நம் அதிர்ஷ்டம். தேக்குக்கு 1,000 பிஎஸ்ஐ தாராளம். மென்மரம் என்றால் அதில் பாதி. "சார், 110 எல்லாம் பொம்மை. கார் வாஷ் கடையில வைக்கிறது ஒண்ணு இருக்கு, 200 பார். லைஃப் லாங் வரும்" என்பார். வரும்தான். பலகை வராது.

துப்பாக்கி முனையில் மாட்டும் மூக்கைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்வதில்லை. தண்ணீர் விசிறிபோல் விரிந்து வரும் மூக்குதான் மரத்துக்கு. 25 முதல் 40 டிகிரி விரிய வேண்டும். பலகைக்கு ஓர் அடியாவது தள்ளிப் பிடித்து, மர வரி ஓடும் திசையிலேயே, எங்கும் நிற்காமல் நகர்த்த வேண்டும். ஒரே கோடாகப் பாயும் பூஜ்ய டிகிரி மூக்கு கூடவே இலவசமாக வரும். அதை வைத்துத் தேக்கில் உங்கள் இனிஷியலைச் செதுக்கலாம். வேறு உபயோகம் இல்லை. சுழன்று சுழன்று அடிக்கும் மூக்கு சிமென்ட் தரைக்கானது. மரத்தில் அடித்தால் நார் நாராக எழுந்து நிற்கும். காய்ந்ததும் தொட்டுப் பாருங்கள், மூன்று நாள் தாடி.

இனி தண்ணீர். இங்கேதான் ஜெர்மனியும் அடையாறும் பிரிகின்றன. இந்த இயந்திரம் மணிக்கு 360 லிட்டர் வரை குடிக்கும். பதினைந்து லிட்டர் பக்கெட்டில் இருபத்து நான்கு. 2019 கோடையை இந்த ஊரில் கழித்தவர்களுக்கு அந்த எண் உறைக்கும். ஏரிகள் வறண்டு, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் வில்லிவாக்கத்துக்கு வந்து இறங்கியபோது மாலை போட்டு வரவேற்றார்கள். அந்த வேகன்களில் ஒன்று 50,000 லிட்டர். உங்கள் துப்பாக்கியைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இருந்தால் ஆறு நாளில் அதைக் காலி செய்யலாம். இந்தக் கணக்கை அசோசியேஷன் செயலாளரிடம் போட்டுக் காட்ட வேண்டாம்.

அளவு போகட்டும், தரம். மயிலாப்பூர், அடையாறு போர் தண்ணீரைப் பிடித்து வைத்தால் மஞ்சளாகும் தெருக்கள் உண்டு; அது இரும்பு. தேக்கில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் இருக்கிறது. இரும்பும் டானினும் சேர்ந்தால் கருநீலக் கறை. பழைய காலத்தில் இதே சேர்க்கையில்தான் எழுதும் மை காய்ச்சினார்கள். நீங்கள் 110 பார் வேகத்தில் பலகைக்குள் மை ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கழுவக் கழுவக் கறுக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் கழுவுவீர்கள். கடலோரத் தெருக்களில் இதற்கு மேல் உப்பு வேறு.

இதற்கு ஒரு நல்ல வழி உங்கள் பால்கனியிலேயே சொட்டிக்கொண்டிருக்கிறது. ஏசியிலிருந்து வடியும் தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து சொட்டுவது. அதில் இரும்பும் இல்லை, உப்பும் இல்லை. சென்னை புழுக்கத்துக்கு ஓர் இரவில் ஒரு ஏசியே பக்கெட்டில் கணிசமாகச் சேர்த்துவிடும். கடைசி அலசலுக்கு இதைவிட உத்தமமான தண்ணீர் லாரியில் வராது. ஆனால் இதை இயந்திரத்துக்குக் கொடுக்க வேண்டுமானால் பக்கெட்டிலிருந்து உறிஞ்சும் வசதி அதற்கு இருக்க வேண்டும். வாங்கும்போது மறக்காமல் கேட்க வேண்டிய ஒரே கேள்வி இதுதான். மேல்மாடிக்காரர்களுக்கு இது கட்டாயம். தலைக்கு நேர் மேலே சின்டெக்ஸ் தொட்டி இருந்தால் குழாயில் தண்ணீர் வரும், அழுத்தம் வராது. இயந்திரம் பாதித் தண்ணீரும் பாதிக் காற்றுமாக இழுத்து, இருமி, பம்ப்பைக் கெடுத்துக்கொள்ளும். வாரன்டி அட்டையில் இதற்கு இடமில்லை.

மின்சாரம் பற்றி இரண்டு வரி. பெரும்பாலும் 1,400 வாட் மோட்டார், இன்வெர்ட்டரில் ஓட்டாதீர்கள். பால்கனியில் இருக்கும் பிளக் கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்கும் தீபாவளி சீரியல் செட்டுக்குமாக வைத்தது. ஹாலிலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து, ஈரத்தில் போட்டு, அதன் மேல் நின்றுகொண்டு வேலை செய்வது பல குடும்பங்களில் வழக்கம். மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீட்டில் அது கடைசி வழக்கமாகிவிடலாம்.

கீழ் வீடு என்று ஒன்று உண்டு. டெக் பலகைக்கு நடுவில் இடுக்கு விட்டிருப்பதே தண்ணீர் கீழே போகத்தான். போன தண்ணீர் எங்கே போகிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. மாசி பங்குனியில் கீழ் வீட்டு மாமி ஜவ்வரிசி வடாம் பிழிந்து காய வைத்திருப்பார். பாசி, புறா எச்சம், தேக்கின் பழுப்புச் சாறு எல்லாம் கலந்து இறங்கும். "நம்மாத்து வடாம்னு நெனச்சேளா, இல்ல உங்காத்து டெக்குனு நெனச்சேளா?" என்ற கேள்விக்கு உலகில் எந்த நிறுவனமும் துணைக்கருவி விற்பதில்லை.

நிஜமாகவே நியாயமான காரணத்துக்காகச் சென்னையில் போட்ட ஒரு மரத் தளத்தையும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் அலைக்குப் பக்கத்தில் போய்க் கடலைப் பார்க்க மாநகராட்சி போட்ட நிரந்தரப் பாதை: 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி ரூபாய். 2022 நவம்பர் 27 அன்று திறந்தார்கள். அதற்கு முன்பு ஆண்டுக்குச் சில நாள் மட்டும் தற்காலிகப் பாதை போட்டு எடுத்துவிடுவார்கள். மற்ற நாட்களில் மணல்தான் முடிவு செய்யும், யார் கடலைப் பார்க்கலாம் என்று. திறந்து இரண்டு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையேறியது. அலை அடித்ததில் பாதையின் கடற்பக்க முனை உடைந்தது. பிறகு சீர்செய்து மீண்டும் திறந்தார்கள். பெசன்ட் நகர் கடற்கரைக்கும் அப்படியொரு பாதை வந்தது. (எதிரே இருக்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்த ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842ல் கட்டிய ஐஸ் ஹவுஸ். இந்த வெயிலுக்குப் பொருந்தாத பொருளை ஆசைப்பட்டு வரவழைப்பது நமக்குப் புதிதல்ல.)

அந்தப் பாதையில் நின்று பார்த்தால் பால்கனிக்காரருக்கு ஒன்று விளங்கும். மரத்தின் எதிரி அழுக்கு அல்ல, மணல். காற்று கொண்டுவந்து கொட்டும் மணலை விளக்குமாற்றால் தள்ளத் தள்ளத் திரும்ப வரும். தள்ளாவிட்டால் சக்கரம் சிக்கும். பெசன்ட் நகர் பால்கனிக்கும் அதே மணல்தான் கொஞ்சம் நைஸாக வந்து இடுக்கில் உட்கார்கிறது. அதைப் பெருக்கி எடுக்காமல் வாஷரைத் திருப்பினால் மணலோடு சேர்ந்து அடித்துப் பலகையைச் சுரண்டும். பெருக்குவதற்கு இயந்திரம் வேண்டாம் என்பதால் இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள்.

நம் ஊர் அழுக்கையும் வெளிநாட்டுக் கையேடுகள் அறியா. அவர்கள் எழுதுவதெல்லாம் உதிர்ந்த மேப்பிள் இலையும் உருகிய பனியும். நமக்குக் கார்த்திகை அகல் விட்டுப்போன எண்ணெய் வட்டம், கோலமாவு இடுக்கில் போய் அதைத் தேடிவந்த எறும்பு, துளசித் தொட்டி அடியில் இருண்ட வளையம், தீபாவளிக்குச் சங்குசக்கரம் சுட்ட தழும்பு, அமாவாசைக்குக் காக்காய் சாப்பிட்டது போக மீதி. எண்ணெய் வட்டத்தைத் தண்ணீர் வேகத்தால் எடுக்க முடியாது; பரப்பத்தான் முடியும். அதன் மேல் கோலமாவையே தூவி ஓர் இரவு உறிஞ்ச விட்டுப் பிறகு சோப்பால் தேய்ப்பது மேல். காய்ந்த புறா எச்சத்தை உலர்வாகச் சுரண்டாதீர்கள், தூள் நுரையீரலுக்கு ஆகாது; நனைத்து, மூக்கை மூடிக்கொண்டு எடுங்கள். சங்குசக்கரத் தழும்பு போகாது. அதன் மேல் தொட்டி வைக்கலாம்.

இரண்டாம் வகை, ப்ரஷ் சுழலும் இயந்திரம். நியாயமாகப் பார்த்தால் டெக்குக்கு ஏற்றது இதுதான்: குறைந்த தண்ணீர், மரத்தைக் கிழிக்காது. அதனாலேயே நம் கடைகளில் இதைச் சீக்கிரம் பார்க்க முடியாது. கிடைத்தால் நைலான் ப்ரஷ் மட்டும் போடுங்கள். பாரிமுனைக்குப் போய் செம்புதாஸ் தெருவில் கேட்டால் டிரில்லில் மாட்டும் இரும்புக் கம்பி ப்ரஷ் சல்லிசாகத் தருவார்கள். அது முதல் நாள் பிரமாதமாகத் தேய்க்கும். உடைந்த கம்பித் துணுக்குகள் மர நாருக்குள் தங்கும். கடற்காற்றில் ஒரு வாரத்தில் துரு, பிறகு டானின், பிறகு பலகை முழுக்கக் கரும்புள்ளி. அப்படி ஆனவர்கள் ஆக்ஸாலிக் ஆசிட் கரைசல் பூசிக் கழுவினால் கறை வெளுக்கும். விஷப் பொருள், கையுறை அவசியம், குழந்தை எட்டும் இடத்தில் வைக்கக் கூடாது. பாத்ரூமுக்கு வாங்கிய ஆசிட்டும் ஆசிட்தானே என்று ஊற்றிவிடாதீர்கள். அது கறையோடு மரத்தையும் திருகாணியையும் தின்றுவிட்டுத்தான் நிற்கும்.

மூன்றாவது, உப்புத்தாள் இயந்திரம். இதில் உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை, ஏனென்றால் ஆசாரி கொண்டுவருவதுதான் இயந்திரம். ஆர்பிட்டல் சாண்டர் கேட்டிருப்பீர்கள். அவர் பையிலிருந்து எடுப்பது ஆங்கிள் கிரைண்டர், அதில் ஃபிளாப் டிஸ்க். அவர் அதை வைத்து நிலைவாசல், கட்டில், இரும்பு கேட் எல்லாம் செய்து முடித்தவர். வேகம் அபாரம். மறுநாள் காலை வெயில் சாய்வாக விழும்போது பலகை பூராவும் பிறை பிறையாகக் குழி தெரியும். "பாலிஷ் போட்டா மறைஞ்சுரும் சார்." பாலிஷ் போட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆர்பிட்டல் கிடைத்தால் 60ஆம் நம்பர் தாளில் தொடங்கி 80ல் நிறுத்துங்கள். டைனிங் டேபிள் மாதிரி வழவழப்பாக்கும் ஆசையில் 180, 220 என்று போனால் மரத்தின் வாய் அடைத்துப்போய் எண்ணெய் குடிக்காது. முன்னதாகத் திருகாணித் தலைகளை மரத்துக்குள் இறக்குங்கள். தவறினால் தாள் கிழிவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு இழைப்பிலும் பலகை கொஞ்சம் மெலியும். வருஷத்துக்கு ஒரு தடவை இழைப்பவர் வீட்டில் பத்து வருஷத்தில் மீதி இருப்பது திருகாணிதான்.

இத்தனைக்கும் அந்தச் சாம்பல் நிறம் நோய் அல்ல. மரத்தின் நாரைக் கட்டிவைக்கும் லிக்னினை வெயில் உடைக்கிறது, மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது, மேலே வெளுத்த நார் மட்டும் மிஞ்சுகிறது. மாற்றம் மேல்தோலோடு சரி. ஒரு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அடியில் தேக்கு தேக்காகவே இருக்கிறது. அதை அப்படியே விட்டுவிடுவது ஒரு கொள்கை. எனக்கு அந்தக் கொள்கைதான் பிடிக்கும். ஆனால் மச்சினருக்கு அனுப்பிய படத்தில் இருந்த தேன் நிறம் வேண்டுமென்றால் எண்ணெய் பூச வேண்டும், பூசிக்கொண்டே இருக்க வேண்டும்.

காலம் முக்கியம். ஐப்பசி கார்த்திகையில் பூசினால் மழை எடுத்துப் போய்விடும். அக்னி நட்சத்திரத்தில் பூசினால் உள்ளே இறங்குமுன் மேலே காய்ந்து பிசுபிசுக்கும். பொங்கலுக்குப் பிறகு, பங்குனி வெயில் ஏறுவதற்குள் ஓர் இடைவெளி இருக்கிறது. கழுவி இரண்டு நாளாவது காயவிட்டு, மாலை நிழலில் மெல்லிசாகப் பூசி, குடிக்காததைத் துடைத்து எடுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், சிக்கு வாடை அடிக்கும். பச்சை ஆளிவிதை எண்ணெய் நம் ஈரக் காற்றில் பூஞ்சைக்கு விருந்து. பூஞ்சைத் தடுப்பும் வெயில் தடுப்பும் சேர்ந்த வெளிப்புற மர எண்ணெயாகப் பார்த்து வாங்குங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் படிக்கட்டுக்கு அடியில் எறியாதீர்கள். காயும் எண்ணெய் சூட்டைக் கிளப்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டுப் போடுங்கள்.

மயிலாப்பூர் பழைய வீடுகளில் இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. அங்கே மரத்தை நிழலில் வைத்தார்கள். மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்குக் கட்டைகள் செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் அடியில் ஒளிந்திருந்தன. ரங்கூனிலிருந்து கப்பலில் வந்த பர்மா தேக்குத் தூண் திண்ணைச் சார்ப்புக்குள் நின்றது. ஊஞ்சல் பலகை கூடத்தில் தொங்கியது. வெயிலும் மழையும் படும் முற்றத்தில் கல் போட்டார்கள். ஊஞ்சல் பலகையை மெருகேற்றியது மூன்று தலைமுறை வேட்டி, தினம் இரண்டு வேளை. அந்த இயந்திரம் இப்போது கிடைப்பதில்லை. வீட்டை இடிக்கும்போது தேக்கு நல்ல விலைக்குப் போகிறது; அதே மனையில் எழும் பிளாட்டின் பால்கனிக்கு, வெயிலும் மழையும் நன்றாகப் படும் இடமாகப் பார்த்து, இறக்குமதி மரம் பாவுகிறார்கள்.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? மாட வீதியில் ஒரு தென்னை நார் ப்ரஷ், நீளக் கைப்பிடி வைத்தது. ஏசித் தண்ணீர் ஒரு பக்கெட். கொஞ்சம் சோப்புத் தூள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அரை மணி. முப்பது சதுர அடிக்கு இது தாராளம். தேய்ப்பது நீங்களே என்பது நிபந்தனை. வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் இதையும் சேர்த்துத் தள்ளுவதாக இருந்தால் சம்பளத்தையும் சேர்த்துப் பேசுங்கள்.

இவ்வளவு படித்த பிறகும் வாஷர்தான் வாங்குவீர்கள். எனவே நேர்மையான ஆலோசனை: கார் நன்றாகக் கழுவுகிற இயந்திரமாகப் பாருங்கள். டெக்கின் மேல் அது ஒரு தடவை ஓடும், இரண்டாம் தடவை கீழ் வீட்டு மாமி ஓடவிட மாட்டார். அதற்கப்புறம் அதன் வாழ்க்கை பார்க்கிங்கில்தான். எட்டு மீட்டர் ஹோஸ் வாங்கினால் பக்கத்து இடத்துக் காரையும் எட்டும். வாட்ச்மேனுக்கு இயக்கச் சொல்லிக்கொடுத்தால் ஞாயிற்றுக்கிழமை வரிசை கட்டி நிற்பார்கள். சோப்பு நுரை பீய்ச்சும் குப்பி தனியாக விற்கிறது, அதையும் வாங்கிவிடுங்கள். பில்லையும் பெட்டியையும் தூக்கி எறியாதீர்கள். பிளாட்டில் ஹோஸ் பிடித்துக் கார் கழுவத் தடை என்று அசோசியேஷன் நோட்டீஸ் ஒட்டும் வாரத்தில், பெட்டியோடு இருந்தால் பாதி விலைக்காவது போகும்.